துணைவேந்தர் வழக்கு இருக்கட்டும், கல்விப் பேரவையையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா அரசா என்ற இழுபறி பற்றி நாளிதழ்களில் வருவதையெல்லாம் விடாமல் படிக்கிறேன். ஆளுநர் நிறுத்திவைத்த மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளவேண்டும் என்ற 2025 ஏப்ரல் 8 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நியமன அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்த சட்டங்களுக்கு அடுத்த மாதம் 21-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்காலத் தடை, சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு துணைவேந்தர் இல்லாமல் ஒருங்கிணைப்புக் குழுவை வைத்தே காலம் தள்ளியது, எல்லாம் வந்துவிட்டது. சரி, பெரிய விஷயம்தான். ஆனால் ஒரு கல்லூரி தன் மாணவரை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, அந்த மாணவர் தன் கஷ்டத்தை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னதை யார் எங்கே எழுதிவைப்பது என்பதெல்லாம், துணைவேந்தர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கல்விப் பேரவை (அகடமிக் கவுன்சில்) உட்கார்ந்து முடிவு செய்யவேண்டிய விஷயங்கள். அந்தப் பேரவைகளுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வரி செய்தி வந்து நான் பார்த்ததில்லை. அரசு உதவிபெறும் தன்னாட்சிக் கல்லூரி (பாடத்திட்டமும் தேர்வும் தானே வகுத்துக்கொள்ளும் கல்லூரி) ஒன்றில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் நானே எழுதுகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் 1923-ஆம் வருடத்தியது. அதன்படி செனட், சிண்டிகேட், கல்விப் பேரவை மூன்றுக்கும் தனித்தனி அதிகாரம் உண்டு, படிப்பு சம்பந்தமான ஒழுங்குமுறைகளைச் செய்வது பேரவையின் வேலை. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) இதையே சின்ன அளவில் கொடுத்திருக்கிறது: முதல்வர் தலைவர், எல்லாத் துறைத்தலைவர்களும் உறுப்பினர்கள், பணிமூப்புப்படி சுழற்சியில் நான்கு ஆசிரியர்கள், அப்புறம் வெளியிலிருந்து வரும் நிபுணர்களும் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளும். மாணவர் சேர்க்கைக்கும் விளையாட்டுக்கும் விடுதிக்கும்கூட இந்தப் பேரவை விதி போடலாம். இவ்வளவு அதிகாரம் உள்ள ஒரு சபை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை கூடி, தலையணை மாதிரி தடித்த ஒரு அஜெண்டா புத்தகத்தைப் புரட்டி, பாடத்திட்ட மாற்றங்களுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் குரூப் போட்டோவும் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுகிறது. எழுந்து கேள்வி கேட்டால், "இதெல்லாம் போர்டு ஆஃப் ஸ்டடீஸிலேயே பேசியாச்சு சார், பாஸ் பண்ணிடலாம்" என்பார்கள். அது ஒவ்வொரு பாடத்துக்கும் இருக்கிற பாடத்திட்டக் குழு. போர்டு ஆஃப் ஸ்டடீஸில் கேட்டால், "இது பேரவை விஷயம்" என்பார்கள்.

அப்போது மென்டார், அதாவது மாணவருக்கு வழிகாட்டும் ஆசிரியர், எப்படி நடக்கவேண்டும் என்ற விதியைச் செய்வது யார்? சுற்றறிக்கை செய்கிறது. யுஜிசியின் 2018 ஒழுங்குமுறையில், இளநிலை மாணவர்களுக்கு வழிகாட்ட ஆசிரியர் நாளுக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கவேண்டும் என்று இருக்கிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது ஒரு மென்டாருக்கு எத்தனை மாணவர் என்று விகிதம் கேட்கும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கல்லூரியின் தர உறுதிப் பிரிவு ஒரு படிவம் அடித்து எல்லாத் துறைக்கும் அனுப்பிவிடுகிறது, அதுதான் விதி.

அந்தப் படிவத்தை நீங்கள் பார்க்கவேண்டும். நான்கு பக்கம். முதல் பக்கத்தில் மாணவர் பெயர், அப்பா பெயர், அப்பா தொழில், ஆண்டு வருமானம், சாதி, உட்பிரிவு, ரத்த வகை. இரண்டாம் பக்கம் மதிப்பெண், வருகைப்பதிவு. மூன்றாம் பக்கத்தில் 'மாணவரின் பிரச்சினை' என்று ஒரு கட்டம், பக்கத்திலேயே 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்று இன்னொரு கட்டம், இரண்டும் தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். அதற்குள் என்ன எழுதுவது? அப்பா குடிக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போகிறேன், திங்கள் முதல் ஹவர் தூங்கிவிடுகிறேன் என்று ஒரு பையன் சொன்னால், அதை எழுதி, அவனிடமும் கையெழுத்து வாங்கி, துறை பீரோவில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கிற மாதிரி வைக்கவேண்டும். அதனால் எல்லா மென்டாரும் எழுதுவது ஒரே வாக்கியம்: 'நன்றாகப் படிக்க அறிவுறுத்தப்பட்டது.' அலமாரி அலமாரியாக இந்த வாக்கியம்தான் இருக்கிறது. நாக் குழுவும் வந்து பார்த்துத் திருப்தியாகப் போகிறது.

சாதிக் கட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பட்டியலின மாணவரைச் சக மாணவர்களே சாதிவெறியில் வெட்டியதற்குப் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப்பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பே இருக்கக்கூடாது, உதவித்தொகை விஷயத்தை மாணவரைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்லவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வருகைப்பதிவேட்டுக்குக் கூடாதது மென்டார் ஃபைலுக்கு மட்டும் எப்படி ஆகும்? உதவித்தொகைக்கு வேண்டிய விவரம் அலுவலகத்தில் இருக்கத்தானே செய்கிறது. வகுப்பாசிரியர் கையில் எதற்கு? இதை எங்கள் பேரவையில் கேட்கலாம் என்று பார்த்தால், மென்டார் படிவம் அஜெண்டாவிலேயே கிடையாது.

இனி பெயர். மென்டாராக இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், எங்கள் நேரத்தில் பாதி பெயர்ப் பஞ்சாயத்திலேயே போகிறது. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் ஒரு பெண்ணின் பெயர் 'செல்வி எம்' என்று இருக்கும். ஆதார் எடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் இனிஷியலை விரித்து 'செல்வி முருகன்' என்று அடித்திருப்பார். வங்கியில் 'எம் செல்வி'. இதில் நியூமராலஜி பார்த்து ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூட்டிக்கொண்ட குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். நமக்கு இது ஒரே ஆள். கணினிக்கு மூன்று ஆள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரவேண்டிய 1,000 ரூபாய் பெயர் ஒத்துவராமல் நின்றுபோகிறது, அபார் எண் (மாணவருக்கான தேசிய அடையாள எண்) எடுக்கப் போனால் 'பொருந்தவில்லை' என்று வருகிறது, அந்தப் பெண் இ-சேவை மையத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் நடந்து பருவத்தேர்வு நேரத்தில் வகுப்பைத் தவறவிடுகிறாள். வருகை குறைந்ததற்கு அபராதமும் கட்டுகிறாள். பெயர் தமிழில் எழுதும்போது இனிஷியலும் தமிழில் இருக்கவேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசு ஆணை போட்டது, நல்ல ஆணை. ஆனால் தேர்வுப் பிரிவு மென்பொருளில் தமிழ் இனிஷியலுக்கு இடமே இல்லை என்றால் அதைச் சரிசெய்யச் சொல்லவேண்டியது யார்? மென்பொருள் விற்ற கம்பெனியிடம் கேளுங்கள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது!

இன்னொரு வகை மாணவர்களுக்கு இது பணத்தோடு போகிற விஷயமில்லை. திருநங்கை, திருநம்பி மாணவர்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் அவரவர் பாலினத்தை அவரவரே சொல்லும் உரிமையை ஏற்றுக்கொண்டது. 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கலாம், அதற்குப் பிறகு ஆவணங்களில் பெயரையும் மாற்றலாம். காகிதத்தில் சரி. ஆனால் மூன்று வருடப் படிப்பில் சான்றிதழும் அரசிதழும் வந்துசேரும்வரை தினமும் ஐந்து ஹவர், அறுபது பேருக்கு நடுவில், வேண்டாம் என்று விட்ட பெயரைச் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுத்தால் அந்த மாணவர் எத்தனை நாள் வருவார்? சில ஆசிரியர்கள் பெயரை விட்டுவிட்டுப் பதிவு எண்ணைக் கூப்பிடுகிறார்கள், நல்ல மனசு. சிலர் வேண்டுமென்றே பழைய பெயரை இரண்டு தடவை கூப்பிடுகிறார்கள். விதி என்று ஒன்று இல்லாததால் முதல் வகையைப் பாராட்டவும் முடியவில்லை, இரண்டாம் வகையைக் கேட்கவும் முடியவில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. சான்றிதழ்ப் பெயர் ஒன்று, அழைக்கும் பெயர் ஒன்று என்று கல்லூரிப் பதிவில் இரண்டு இடம் வையுங்கள். பட்டம், மதிப்பெண் பட்டியல், ஹால் டிக்கெட் இவற்றில் சட்டப்படி உள்ள பெயரே இருக்கட்டும். வருகைப்பதிவேடு, அடையாள அட்டை, நூலக அட்டை, மென்டார் ஃபைல், இவை நாமே அச்சடிப்பவை, நாமே வைத்துக்கொள்பவை, இவற்றில் மாணவர் கேட்கும் பெயரைப் போட டெல்லியின் அனுமதியோ சென்னையின் அனுமதியோ வேண்டாம். ஆள்மாறாட்டம் நடக்கும் என்று உடனே ஒருவர் எழுவார். தேர்வு அறையில் ஆளைச் சரிபார்ப்பது பதிவு எண்ணையும் புகைப்படத்தையும் வைத்துத்தானே. ஆளுக்கு ஆள் விளையாட்டாக மாற்றுவார்கள் என்று இன்னொருவர் சொல்வார். வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்று விதியில் ஒரு வரி போட்டால் போயிற்று. வீட்டுக்குப் போகும் கடிதத்தில் எந்தப் பெயர் இருக்கவேண்டும் என்பது மட்டும் சிக்கலான கேள்வி, ஏனென்றால் சில பிள்ளைகளுக்கு அது உயிர் பிரச்சினை. அதை மாணவரைக் கேட்டுத்தான் செய்யவேண்டும். இப்படிப்பட்ட கேள்வியைத்தான் ஒரு பேரவை உட்கார்ந்து ஒரு முழு மதியம் பேசவேண்டும், சுற்றறிக்கையில் முடிகிற காரியமா இது?

பேரவையில் யார் உட்காருகிறார்கள் என்பதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரிகளில் தொகுப்பூதியத்துக்கு வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளர்கள்தான் வகுப்புகளில் பெரும்பங்கை எடுக்கிறார்கள், மாணவர்கள் மனம்விட்டுப் பேசுவதும் பெரும்பாலும் வயது நெருங்கிய அவர்களிடம்தான். பணிமூப்புப்படி சுழற்சி என்றால் அவர்களுடைய முறை என்றைக்குமே வராது. மாணவர் குரலுக்கும் அங்கே இடமில்லை. அழைப்பாளர்களாகவாவது இரண்டிரண்டு பேரைக் கூப்பிடலாம், முதல்வர் நினைத்தால் நாளைக்கே நடக்கும்.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். தன்னாட்சிக் கல்லூரிகள் பல தங்கள் பேரவை மினிட்ஸை (கூட்டக் குறிப்புகளை) இணையதளத்தில் போட்டுவைத்திருக்கின்றன, நாக் குழுவுக்காகத்தான், ஆனாலும் போட்டிருக்கிறார்கள். உங்கள் மாவட்டப் பதிப்பு ஒவ்வொன்றிலும் ஒரு பத்துக் கல்லூரியின் கடந்த மூன்று வருட மினிட்ஸை எடுத்து, மாணவர் வழிகாட்டல், மாணவர் பெயர் இரண்டும் எத்தனை தடவை பேசப்பட்டிருக்கின்றன என்று மட்டும் எண்ணி வெளியிடுங்கள். அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு நான் அந்தப் பக்கத்தை நறுக்கிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி
(பெயர் வெளியிட வேண்டாம்)