இரண்டு புரொஜெக்டர் தியேட்டர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். வீட்டில் எல்லோரும் நலமா? இங்கே பழைய படங்களை எப்படி ஓட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இங்குள்ளது ஒரே திரை கொண்ட சின்ன தியேட்டர், எந்தப் பெரிய கம்பெனிக்கும் சொந்தமில்லை. வாரம் ஒரு பழைய படம். பெரும்பாலும் டிஜிட்டல்தான், ஆனால் மாதம் ஒருமுறை 35 மி.மீ. பிலிம் ஓடுகிறது. கேபினில் இரண்டு புரொஜெக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில்; ஒரு படம் பல ரீல்களாக வருவதால், ஒன்றில் ரீல் முடிந்ததும் அடுத்த ரீல் மற்றதில் ஓடும். வெளிச்சத்துக்கு அந்தக் காலக் கார்பன் குச்சிக்குப் பதில் செனான் விளக்கு. மற்றதெல்லாம் ஆபரேட்டராக உங்களுக்குக் கை பழகிய வேலைதான்.

பிரிண்ட், அதாவது படத்தின் பிலிம் பிரதி, ஆவணக் காப்பகத்திலிருந்து வருகிறது. வெட்டக் கூடாது, ரீல்களை ஒன்றாக ஒட்டக் கூடாது என்பது நிபந்தனை. எல்லா ரீலையும் ஒட்டிப் பெரிய தட்டில் போட்டு ஓட்டினால் ஆபரேட்டருக்குச் சுலபம்; ஆனால் ஒவ்வொரு ஒட்டுக்கும் ரீலின் முனையில் ஓரிரு பிரேம் போய்விடும். பத்து தியேட்டர் சுற்றி வந்த பிரிண்டில் ரீல் மாறுகிற இடத்தில் வசனம் துள்ளுவது இதனால்தான். அதனால்தான் இரண்டு மெஷின் இல்லாத இடத்துக்குக் காப்பகங்கள் பொதுவாகப் பிரிண்ட் தருவதில்லை. அது சரியான கண்டிப்பு என்றே நினைக்கிறேன்.

பெட்டி வந்ததும் ஒவ்வொரு ரீலையும் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கிறார்கள். 2000 அடி ரீல்; திரையில் ஓடும்போது நிமிடத்துக்கு 90 அடி, ஆக 22 நிமிடப் படம். பருத்திக் கையுறை போட்ட இரண்டு விரலுக்கு நடுவே பிலிமின் ஓரம் ஓடும்போது, பல்சக்கரம் மாட்டும் ஓரத்துத் துளை கிழிந்திருந்தால் சுருக்கென்று தட்டும். அங்கே நிறுத்தி டேப் போட வேண்டும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அசிடேட் என்ற பழைய வகைப் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மற்ற பிலிமிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அப்படிப்பட்ட பிலிம் சுருங்கும். துளையும் பல்சக்கரமும் பொருந்தாமல், லென்ஸுக்குப் பின்னால் பிலிம் வெளிச்சத்தைக் கடக்கும் கேட்டில் படபடக்கும், பிறகு கிழியும். புதிய பாலியெஸ்டர் பிரிண்ட் அறாது. சிக்கினால் மெஷின்தான் உடையும்.

ரீல் மாற்றுவதைப் பார்க்கத்தான் நீங்கள் வர வேண்டும். ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி, நான்கே பிரேம், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. உடனே அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏறக்குறைய ஏழு நொடியில் இரண்டாவது புள்ளி. அதில் வெளிச்சமும் ஒலியும் மாற வேண்டும். ரீலின் தொடக்கத்தில் எண்கள் அச்சிட்ட லீடர் துண்டை எந்த எண்ணில் மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. படத்துக்கு மிக நெருக்கமாக மாட்டினால் முதல் சில பிரேம் விழுங்கப்படும். தள்ளி மாட்டினால் எண்கள் திரையில் தெரிந்துவிடும்.

1950க்கு முந்தைய பேசும் படம் என்றால் பிரேம் பெரும்பாலும் 1.37க்கு 1, அதாவது அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு. அதை அகலத் திரைக்கு இழுத்தால் தலையும் காலும் வெட்டுப்படும். இங்கே அதற்கென்று தனி லென்ஸ், தனி கேட் தகடு வைத்திருக்கிறார்கள். இரு பக்கமும் கறுப்புத் துணி உள்ளே நகர்ந்து வருகிறது. பழைய ஈஸ்ட்மன் கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் போய் ரோஜா நிறமாகியிருந்தால், டிக்கெட் விற்கும் இடத்திலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். ஏமாற்றாமல் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

டிஜிட்டலில் வேறு தலைவலி. பூட்டிய படத்துக்கு ஒரு சாவிக் கோப்பு அனுப்புவார்கள். அது குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டுமே திறக்கும். சாவி காட்சி நேரத்திலிருந்துதான் செல்லுபடியாகும் என்றால் முதல் நாள் ஒத்திகை பார்க்க முடியாது. முன்கூட்டியே தொடங்கும் சாவியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு சந்தேகம், சித்தப்பா. பிலிமில் ஒலி, அதற்குரிய படத்தைவிடச் சுமார் 20 பிரேம் முன்னால் இருக்கிறது அல்லவா. கேட்டுக்குக் கீழே பிலிமில் தளர்வாக விடும் வளைவு (லூப்) கூடிக் குறைந்தால் உதடும் குரலும் சேர்வதில்லை. நீங்கள் அதைக் கண்ணால் மட்டம் பார்த்தா, விரல் வைத்து அளந்தா விடுவீர்கள்? எத்தனை விரல் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்