குல்மார்க்குக்குப் போகச் சறுக்கத் தெரிய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்தால் சுற்றுலாப் பக்கங்களில் காஷ்மீரின் பனிச்சறுக்கு ஊரான குல்மார்க் வந்துவிடுகிறது. கூடவே பனிச்சரிவில் பாய்ந்து வரும் ஒரு சறுக்கு வீரரின் படமும். அதைப் பார்த்து, 'நம்ம முட்டிக்கு இது ஆகாது' என்று பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் ஒரு பக்கம். ஸ்ரீநகரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் பேக்கேஜில் மாட்டி, மூன்று மணி நேரம் கூட்டத்தில் நின்றுவிட்டு, 'அவ்வளவுதானா குல்மார்க்?' என்று கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம். சறுக்காதவர்களுக்கு அந்த ஊரில் வேண்டியது இரண்டே இரண்டு: குறைந்தது இரண்டு இரவுத் தங்கல், நல்ல கம்பளிக் காலுறை.

குல்மார்க் ஒரு கிண்ணம் மாதிரி. உயரம் ஏறத்தாழ 2,650 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால், ஊருக்குள் மெதுவாக நடந்தால் மூச்சு பெரிதாக வாங்காது. தென்மேற்கில் அஃபர்வத் மலை சுவர் போல நிற்கிறது. ஜனவரியில் சூரியன் ஏழரைக்கு மேல்தான் எழும். முதல் வெயில் அந்த மலைமுகத்தில் விழும்போது கீழே புல்வெளிப் பனி நீல நிழலில் கிடக்கும். மாலையில் அதே மலை வெயிலைச் சீக்கிரமே மறைத்துவிடும். ஸ்ரீநகர் வண்டிகள் 11 மணிவாக்கில் வந்து, சாலை மறுபடி உறைவதற்குள், 3 அல்லது 4 மணிக்குக் கிளம்பிவிடுகின்றன. ஊரின் நல்ல பொழுதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். அது அங்கேயே தங்குகிறவர்களுக்கு மட்டுமே வாய்க்கும்.

இனி கால். குளிர் பயணம் கெடுவது பெரும்பாலும் காலில்தான். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் வழியில், கடைசி 13 கிலோமீட்டர் ஏற்றத்துக்கு முன்னால் தங்மார்க் வருகிறது. அங்கே ஓவர்கோட்டும் கம்பூட்டும் வாடகைக்குக் கிடைக்கும். கம்பூட்டை வாங்கியதும் காலை விடாதீர்கள், கையை விட்டுப் பாருங்கள். உள்துணியில் முன்னவரின் வியர்வை ஈரம் இருந்தால் வேறு ஜோடி கேளுங்கள். அடியில் வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தாலும் வேண்டாம். ரப்பர் காற்றை விடாது. கால் வியர்க்கும், பருத்திக் காலுறை அதைக் குடித்து வைத்துக்கொள்ளும், நின்ற ஐந்தாவது நிமிடம் விரல் மரக்கும். எனவே கம்பளிக் காலுறை, மாற்று ஜோடி ஒன்று பிளாஸ்டிக் பையில். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறையை இறுக்கித் திணிப்பது பெரிய தவறு. ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். பூட்டுக்குள் விரல்களை அசைக்க இடம் இருக்க வேண்டும், ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் தவறில்லை.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் உறைந்து பலகை ஆகிவிடும். உள்ளே தெர்மல், நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். தொப்பி காதை மூட வேண்டும். கூலிங் கிளாஸ் அலங்காரம் அல்ல. புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண் சிவந்து மணல் விழுந்தது போல உறுத்துவது பெரும்பாலும் அன்று இரவுதான் தெரியும். முகத்துக்கு சன்ஸ்கிரீன் போடும்போது மூக்கின் அடிப்பகுதியையும் தாடைக்குக் கீழேயும் மறக்கக் கூடாது, வெயில் கீழிருந்தும் வருகிறது.

வழுக்காமல் நடக்க நல்ல நேரம் காலை 10 முதல் 3 வரை. பகலில் உருகிய நீர் இரவில் கண்ணாடியாக உறைந்திருக்கும் என்பதால், விடிகாலையில் வெள்ளைப் பனியைவிடப் பளபளக்கும் கருப்புத் தாருக்குத்தான் பயப்பட வேண்டும். சின்னச் சின்ன அடி, பாதம் முழுதும் தரையில், உடல் எடை முன்காலில். கைகளைப் பையில் விட்டுக்கொண்டு நடக்காதீர்கள். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி 11 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இருக்கிறது. பனிக்காலத்தில் முழுதும் சுற்ற முடியாது, மிதிபட்ட தடம் உள்ளவரை போய்த் திரும்பினால் போதும். வானம் துடைத்தது போல இருந்தால் வடக்கே 8,126 மீட்டர் நங்க பர்பத் தெரியும். பாதையை விட்டு மரத்தடிக்குப் போய்ப் படம் எடுக்காதீர்கள். கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் அடிமரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல் பொந்தாக இருக்கும், இடுப்பு வரை இறங்கிவிடும்.

மலைமேல் ஏற்றும் கேபிள் காரான கோண்டோலாவைப் பற்றி ஒரு கருத்து வேறுபாடு. எல்லோரும் இரண்டாம் கட்டம் வரை போகச் சொல்கிறார்கள். சறுக்காதவர்களுக்கு முதல் கட்டமே போதும் என்பேன். அது சுமார் 3,080 மீட்டரில் உள்ள கொங்தூரியில் இறக்கிவிடும். அங்கே டீ குடித்துக்கொண்டே சறுக்குகிறவர்கள் விழுவதையும் எழுவதையும் பார்த்துக்கொண்டு உட்காரலாம். இரண்டாம் கட்டம் 3,950 மீட்டர் வரை ஏறுகிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அரை மணிக்குள் 1,300 மீட்டர் ஏறினால் தலைவலி, மூச்சிரைப்பு வரலாம். இதய நோயாளிகளும் கைக்குழந்தைக்காரர்களும் தவிர்ப்பது நல்லது. பலத்த காற்று அடித்தால் அதை நிறுத்தியும் விடுவார்கள். டிக்கெட்டைக் கிளம்பும் முன்பே ஆன்லைனில் எடுங்கள், முதல் நேரத்துக்கே எடுங்கள்.

ஸ்லெட்ஜ் என்ற மரச்சட்டத்தை ஓர் ஆள் கயிறு கட்டி இழுப்பார். எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்பதை உட்காரும் முன் பேசிவிடுங்கள். சமதளத்தில் மனிதரை இழுக்க வைப்பதில் நமக்கும் சுகமில்லை, அவருக்கும் இல்லை. இறக்கத்துக்குக் கேளுங்கள். அவர் முன்னால் குதிகாலால் பிரேக் போடுவார், நீங்கள் உதவுவதாக நினைத்துக் காலைக் கீழே ஊன்றினால் கணுக்கால் திருகிக்கொள்ளும்.

இரவில் மைனஸ் 10 டிகிரியும் சகஜம். அறையில் புகாரி என்ற விறகடுப்பு இருந்தால், ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி விட்டு, தூங்கும் முன் அணைத்துவிடுங்கள். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும். காங்கிரி, அதாவது பிரம்புக் கூடைக்குள் மண்சட்டியும் தணலும் வைத்த காஷ்மீரிக் கணப்பு, ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொள்ள இதமாக இருக்கும். போர்வைக்குள் கொண்டுபோகக் கூடாது.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், காஷ்மீரிகள் நம்மைப் போலச் சோற்றுக்காரர்கள். சைவர்களுக்கு நத்ரு என்ற தாமரைத்தண்டும் ஹாக் கீரையும் உண்டு. அசைவர்கள் இரவெல்லாம் வெந்து கூழான ஹரிசா ஆட்டிறைச்சியை, போகும்போதோ வரும்போதோ, ஸ்ரீநகரில் காலையிலேயே தேடிப் போக வேண்டும்.

தேதிக்கு வருகிறேன். டிசம்பர் 21 முதல் 40 நாளை அங்கே 'சில்லை கலான்' என்பார்கள், கடுங்குளிர் காலம். ஆனால் குளிர் இருந்தால் பனி இருக்கும் என்று அர்த்தமில்லை. 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை புல்வெளி பழுப்பாகவே கிடந்தது. பனிதான் முக்கியம் என்றால் கிறிஸ்துமஸை விடப் பிப்ரவரியை நம்பலாம். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஸ்ரீநகரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜ் விற்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. பெரும்பனி நாளில், வழுக்காமலிருக்க டயரில் சங்கிலி மாட்டாத வண்டிகளைத் தங்மார்க்கிலேயே நிறுத்திவிடுவார்கள், மேலே போக உள்ளூர் ஜீப் எடுக்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது? 'எல்லாம் சேர்த்து' என்ற வரியில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். குளிரில் போன் பேட்டரியும் திடீரென்று உயிரை விடும். சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். கோண்டோலா டிக்கெட்டைக் காகிதத்தில் அச்செடுத்தே கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோவை