இரண்டு பங்கு தண்ணீர் என்றால் எவ்வளவு கிராம்?

அன்புள்ள மகளுக்கு,

சோறு விதை விதையாக நின்றுவிட்டது என்று நீ சொன்னதும் அம்மா அரிசியைத்தான் குறை சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 200 கிராம் அரிசிக்கு 400 கிராம் தண்ணீர் வைத்தேன் என்றாயே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஒன்றுக்கு இரண்டு என்பது பாத்திரக் கணக்கு. 240 மில்லி பிடிக்கிற கப்பில் தலை தட்டி அளந்தால் அரிசி ஏறக்குறைய 200 கிராம் நிற்கும். அதே கப்பில் தண்ணீர் 240 கிராம். அரிசி மணிகளுக்கு நடுவே காற்று இருப்பதால் வரும் வித்தியாசம் இது. ஆக, இரண்டு கப் தண்ணீர் என்றால் 480 கிராம். நீ 80 கிராம் குறைத்து வைத்திருக்கிறாய். தராசில் வைத்துச் சமைப்பதானால் அரிசியின் எடையைப் போல 2.4 மடங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள். பழைய அரிசி இன்னும் கொஞ்சம் குடிக்கும், அதைத் தராசு சொல்லாது. ரைஸ் குக்கரோடு வருகிற கப்பையும் நம்பி இறங்கிவிடாதே. அது பெரும்பாலும் 180 மில்லிதான், 150 கிராம் அரிசி பிடிக்கும்.

இட்லிக்கு இந்தக் கவலை இல்லை. அரிசியும் உருட்டு உளுந்தும் ஒரே அளவில் கிட்டத்தட்ட ஒரே எடை நிற்கும். நாலுக்கு ஒன்று என்றால் கப்பிலும் அதுதான், கிராமிலும் அதுதான். மாவு வகைதான் ஆளை ஏமாற்றும். சலித்த அரிசி மாவை அப்படியே அள்ளினால் ஒரு எடை, கப்பைத் தட்டித் தட்டி நிரப்பினால் வேறு எடை. மாவை எப்போதும் நிறுத்தே போடு. மெல்லிய அவலோ அரிசியின் எடையில் பாதிகூட வராது.

உன் தாத்தா கடையில் படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் வரிசையாக இருக்கும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. முதல் படியை ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார், ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார். மெட்ரிக் அளவுக்கு 1956-இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் அடுப்படியில் இன்னமும் உழக்குதான். படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால், இணையத்தில் ‘ஒரு படி இத்தனை கிராம்’ என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. உன்னிடம் இருக்கும் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, அரிசி, தொலி உளுந்து, துவரம்பருப்பு, ரவை ஒவ்வொன்றையும் தலை தட்டி நிறுத்து, ஒரு தாளில் எழுதி அலமாரியில் ஒட்டிவிடு. ஒருநாள் வேலை.

அப்புறம், நீ கேட்ட உளுந்தம்பருப்புச் சோறு. அரிசி 200 கிராம், தொலி உளுந்து 100, தண்ணீர் 720-இலிருந்து 840 வரை. குழைவாக வேண்டுமென்றால் 840-ஏ வை. வெந்தயம், பூண்டு, தேங்காய்க்குக் கிராம் கேட்டால் அம்மா சிரிப்பாள். எள்ளுத் துவையல் இல்லாமல் அதைச் சாப்பிடுவதில் அர்த்தமே இல்லை, அது என் கட்சி.

அடுத்த பார்சலில் பித்தளை உழக்கை வைக்கச் சொல்கிறாள் அம்மா. நல்ல கனம். தராசே போதும் என்றால் சொல், அந்த எடைக்குத் தொலி உளுந்து கூட வைத்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா