வாய்கட்டிப் பூசையும் மூன்று லீற்றர் தண்ணீரும்

மண்டூர்,
வைகாசிச் சடங்கு முடிந்த மறுவாரம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அம்மன் சடங்கு கடைசிக் குளிர்த்திப் பூசையோடு நல்லபடி முடிந்தது. சிறுபோக வயல் குடலைப் பருவம். கச்சான் காற்று நாலைந்து நாளாக முகத்தை எரிக்கிறது. மற்றபடி சுகம்.

மகனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் விஷயத்தை விபரமாக எழுதியிருந்தாய். வயல் ஈட்டில், மகனின் பாஸ்போட் எவனிடமோ, நீ சிபாரிசுக் கடிதமும் கையுமாக வாசல் வாசலாக நிற்கிறாய். கடைசியில் "மனிசரை நம்பினது போதும், இனி முருகன்தான், உகந்தையால் காட்டுவழியே கதிர்காமத்துக்கு நடக்கப் போறன்" என்று முடித்திருக்கிறாய். நட, மச்சான். ஆனால் அந்த 'இனி' எனக்கு உதைக்கிறது. மற்ற வாசலெல்லாம் பூட்டின பிறகு தட்டுகிற இன்னொரு வாசல் என்று நினைத்துப் போனாயென்றால், அங்கேயும் மனதுக்குள் ஒரு சிபாரிசுக் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டுதான் போவாய்.

எங்கட மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்கிறோம். பூசை செய்கிறவரை கதிர்காமத்தில் கப்புறாளை என்பார்கள், இங்கே கப்புகனார். இரண்டு பேருமே வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசைக்குப் போவார்கள். கதிர்காமத்தில் மூலஸ்தானத்தில் இருப்பதையும் நமக்குக் காட்டுவதில்லை. வள்ளி தெய்வானையோடு முருகனை வரைந்த திரைக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு வருகிறோம். உனக்காக ஒரு சொல் எடுத்துச் சொல்ல ஆளில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் வழியில்லை. மூன்று மாதமாக ஆள் பிடித்தே அலைந்த உனக்கு அந்தத் திரைக்கு முன்னால் நிற்பது முதலில் பெரிய அந்தரமாகத்தான் இருக்கும்.

நேர்த்தி வைக்கிறதென்றால் சின்னதாக வை. வெள்ளைத் துணித்துண்டை மஞ்சள் கரைத்த தண்ணீரில் தோய்த்து, நன்றாகக் காயவிட்டு, ஒரு குற்றிக்காசை முடிந்து சாமித்தட்டில் வைத்தால் போதும். ஈரத்தோடு முடிந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மகன் கரைசேர்ந்தால் பறவைக்காவடி, ஊருக்கே அன்னதானம் என்றெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லாதே. பலர் பிசகுகிற இடம் இதுதான். பயத்தில் பெரிதாக நேர்ந்துவிட்டு, அதைத் தீர்க்க வட்டிக்குக் காசு எடுப்பார்கள். பிறகு முருகனுக்கும் கடன், வட்டிக்காரனுக்கும் கடன்.

அதைவிட மடிப்பிச்சை எடு. அறியாத ஊரில் எடுக்காதே, உன்னைத் தெரிந்த தெருவிலேயே எடு. சால்வையை ஏந்தி நில், ஒரு பிடி அரிசியோ ஐந்து ரூபாயோ போடுவதை வாங்கிக்கொள். கேள்வி கேட்டால் கதை சொல்லிக்கொண்டு நிற்காதே. போடாத வீட்டில் இரண்டாம் தரம் கூப்பிடாதே. சேர்ந்த அரிசியை உகந்தையில் கொடுத்துவிடு.

இனிக் காட்டுப்பாதை. உகந்தையில் இறங்கினால் வாகூரவெட்டை, கூமுனை, ஆற்றைக் கடந்தால் நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம், பிறகு கதிர்காமம். ஐந்தாறு நாள் வைத்துக்கொள். கடையும் இல்லை, போனும் பெரும்பாலும் எடுக்காது. பொதி ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது. அதில் மூன்று கிலோ தண்ணீருக்கே போய்விடும்: ஒன்றரை லீற்றர்ப் போத்தல் இரண்டு. மிச்சத்துக்கு அவல், சர்க்கரை, பொரிவிளாங்காய், ஒரு சாரம், ஒரு போர்வை. தண்ணீர் பவுசர் வந்தால் சந்தோஷம், வராது என்று கணக்குப் போட்டு நட. ஆற்றுத் தண்ணீரைத் துணியில் வடித்து, கொதி எழும்பினபிறகு ஒரு நிமிசமாவது கொதிக்க விட்டுக் குடி. ஜீவனி உப்புக்கரைசல் பக்கற்றை முழுதாக ஒரு லீற்றரில் கரை. அரைப் பக்கற், ஒரு குவளை என்று கண்மதிப்பில் கரைத்தால் உப்பு கூடியோ குறைந்தோ போகும். கரைத்தது ஒரு நாள் தாண்டினால் ஊற்றிவிடு.

"தண்ணி எதுக்கு, முருகன் பார்ப்பான்" என்று வெறுங்கையோடு இறங்குகிற சாமிமார் வருசா வருசம் இருக்கிறார்கள். மயங்கி விழுந்தால் அவர்களைத் தூக்குவது பின்னால் வருகிற சாமிமார்தான், அதுவும் தங்கள் தண்ணீரைக் கொடுத்து. அதை நான் பக்தி என்று சொல்லமாட்டேன்.

விடிய வெளிச்சம் வந்தபிறகு வெளிக்கிட்டு, பத்து மணிக்குள் நிழலில் ஒதுங்கு. பின்னேரம் மூன்றரைக்கு எழும்பினால், இருட்டுக்கு முன் தங்குமிடம் சேரலாம். கருக்கலில் யானை பாதைக்கு வரும். இப்போது பாலைப்பழக் காலம், கரடி அந்த மரத்தடியில்தான் நிற்கும். பழம் பொறுக்கப் போகாதே. ஆற்றில் ஆழமான மடுவில் இறங்காதே, முதலை இருக்கும். கரையில் நின்று அள்ளிக் குளி.

உனக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு), அதை மறந்துவிட்டு எழுதியிருக்கிறாய். விரதமும் நடையும் சேரும்போது வழக்கமான குளிசை அளவே சீனியைக் கீழே இழுத்துவிடலாம். உடம்பு நடுங்கும், குளிர்ந்து வியர்க்கும், பேச்சுக் குழறும். அப்போது மூன்று நாலு தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் இரு. தெளியாவிட்டால் திரும்பவும் குடி. போகுமுன் கிளினிக்கில் சொல்லி அளவைக் கேள், நீயாக நிறுத்தாதே. பாதத்தில் விறைப்பு இருந்தால் வெறுங்காலோடு நடக்கிறேன் என்று பிடிவாதம் வேண்டாம். முள் ஏறியது உனக்கே தெரியாது, கட்டகாமத்தில் பார்க்கும்போது சீழ் வைத்திருக்கும். செருப்போடு நடந்தாலும் அது யாத்திரைதான்.

ஏஜென்சி விஷயத்தையும் யாத்திரை முடியட்டும் என்று தள்ளாதே. ரசீதுகளைப் பிரதி எடுத்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவனுடைய அனுமதிப்பத்திரம் சரியானதா என்று கேட்டு, முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு நட. அதுவும் தண்ணீர்ப் போத்தல் மாதிரி, நீ தூக்க வேண்டியது. முடிவை எங்கே விடவேண்டும் என்று உனக்குத் தெரியும்.

காட்டுப்பாதை திறக்கும் நாளை அரசாங்கக் கச்சேரியில் அறிவித்ததும் எழுதுகிறேன். வேலோடு வருகிற சாமிமாரைத் திருக்கோவிலில் சந்திக்கலாம். அடையாள அட்டைப் பிரதி இரண்டு எடுத்து வை. கூமுனை ஆற்றைக் காற்சட்டையோடு கடக்காதே, நனைந்த துணி தொடையை உரசிப் புண்ணாக்கும். பழைய சாரம் ஒன்று கொண்டு வா.

அன்புடன்,
உன் மச்சான்