சில்வர் பீச்சில் காலையில் நடக்கும் ஓய்வூதியர் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை நடை முடிந்து டீக்கடையில் நின்றபோது, உங்களில் நாலு பேர் ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரையில் பச்சை எழுத்தில் ஒரு தொகை நொடிக்கு நொடி ஏறிக்கொண்டிருந்தது. "பிட்காயின் மைனிங் சார். மிஷின் வெளிநாட்டில் ஓடுது. நாம பணம் கட்டினால் போதும், நம்ம பேர்ல அது வேலை செய்யும்" என்று விளக்கம் கிடைத்தது. பிட்காயின் என்பது இணையத்தில் மட்டும் இருக்கும் பணம்; மிஷின்கள் போட்டி போட்டுக் கணக்குப் போட்டு அதைப் பரிசாகப் பெறுவதுதான் மைனிங். மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் ஞாயிறு மதியம் கூட்டம் என்றும், ஆளுக்கு இரண்டு லட்சம் போட யோசிப்பதாகவும் சொன்னீர்கள். "கரண்ட் விஷயம் உங்களுக்குத் தெரியாததா, நீங்களும் வாங்க" என்று என்னையும் கூப்பிட்டீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இதில் நான் ஏற்கெனவே கை சுட்டுக்கொண்டவன். 2018 பொங்கலுக்குச் சில நாள் முன்பு, இதே மாதிரி ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் 60,000 ரூபாய் கட்டி 5 டெராஹாஷ் திறன் வாங்கினேன். மிஷின் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடும் என்பதற்கான அளவுதான் டெராஹாஷ். அப்போது ஊரெல்லாம் பிட்காயின் பேச்சு. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வீட்டுக்காரம்மாவுக்கு இது தெரிந்ததே வெகு நாள் கழித்துத்தான், அது வேறு கதை.

முப்பது வருஷத்துக்கு மேல் வீடு வீடாக மீட்டர் பார்த்து அட்டையில் எழுதிய கை. பழக்கம் விடவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டுத் தினமும் இரவு ஒன்பது மணிக்கு வரவை எழுதினேன். முதல் பக்கத்தில் வரவு 540, பராமரிப்புக் கட்டணம் 112, மீதி 428 என்று இருக்கிறது. அன்று நான் போட்ட மனக்கணக்கில் ஐந்து மாதத்தில் முதல் திரும்பிவிடும், அப்புறம் வருவதெல்லாம் லாபம். மார்ச் 15க்கு வந்தால் வரவு 205, கட்டணம் 114, மீதி 91. மே 20இல் மீதி 34 ரூபாய். ஜூன் 14ஆம் தேதிக்கு எதிரே வரவு 103, கட்டணம் 118 என்று எழுதி, மீதி என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கொஞ்ச நாளில் ஒரு மெயில் வந்தது: தொடர்ந்து நஷ்டம் என்பதால் நிபந்தனைப்படி ஒப்பந்தம் முடிந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. அந்த நிபந்தனையை நானே டிக் அடித்திருக்கிறேன், படிக்காமல்.

கைக்கு வந்தது மொத்தம் 21 ஆயிரத்துச் சொச்சம். அதையும் உடனே ரூபாயாக்க முடியவில்லை. பிட்காயின் மாதிரியான கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது 2020 மார்ச்சில்தான்.

விலை விழுந்ததால்தான் நஷ்டம் என்று ரொம்ப நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பாதிதான் உண்மை. மீதியை நம்ம முதுநகர் துறைமுகத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். எத்தனை படகு போனாலும் ஒரு நாளைக்கு 450 கூடை மீனுக்கு மேல் கிடைக்காத ஒரு கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் படகு போனாலும் 450, ஆயிரம் படகு போனாலும் 450. பிட்காயின் அப்படித்தான். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பணப் பரிமாற்றக் கணக்கின் ஒரு பக்கம் மாதிரி), அதற்கு 3.125 காயின் பரிசு, நாளைக்கு ஏறக்குறைய 450. உலகத்தில் மிஷின் கூடக் கூட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதாவது 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, மிஷின் போடும் கணக்கின் கடினத்தைப் பிட்காயினை இயக்கும் மென்பொருளே ஏற்றிவிடும். அதனால் மொத்த மீன் கூடாது, நம்ம பங்குதான் குறையும். நான் வாங்கிய 2018 ஜனவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் உலகின் மொத்தத் திறன் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. என் 5 டெராஹாஷ் அதே 5 டெராஹாஷாகவே நின்றது. ஆனால் டீசல் செலவு, அதாவது கரண்டும் பராமரிப்பும், ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை.

இது போதாதென்று சுமார் நாலு வருஷத்துக்கு ஒருமுறை அதே மென்பொருள் பரிசையே பாதியாக்கிவிடும். 50இல் ஆரம்பித்து 2012இல் 25, 2016இல் 12.5, 2020இல் 6.25, 2024 ஏப்ரலில் 3.125. அடுத்த பாதி 2028 வாக்கில்.

சரி, இன்றைய கணக்கைப் போடுவோம். பேர்பெற்ற மிஷின்களில் ஒன்றான ஆன்ட்மைனர் எஸ்21, 200 டெராஹாஷ் திறனுக்கு 3,500 வாட் இழுக்கும். நாளைக்கு 84 யூனிட். நம்ம வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டை அது முப்பது மணி நேரத்துக்குள் தின்றுவிடும். உலகின் மொத்தத் திறன் 2025இல் நூறு கோடி டெராஹாஷை எட்டியது. அந்த அளவில் 200 டெராஹாஷுக்கு விழும் பங்கு நாளைக்கு 0.00009 காயின். ஒரு காயின் 80 லட்சம் என்று வைத்தால் 720 ரூபாய். கரண்டும் இடவாடகையும் சேர்த்து யூனிட்டுக்கு 6 ரூபாய் பிடித்தால் செலவு 504. மிச்சம் 216. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் வரி இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம், வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. மைனிங் கட்டமைப்புச் செலவு வாங்கிய விலையில் சேராது என்று அரசு அந்த வருஷமே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. ஆகவே 720 முழுவதுக்கும் 30 சதவீதம். பேப்பரில் போட்டுப் பாருங்கள், சரியாக 216 வரும். அதன்மேல் 4 சதவீத செஸ் வேறு. மிஷின் விலையை நான் இன்னும் சேர்க்கவேயில்லை.

அப்படியென்றால் இதில் யாருமே சம்பாதிப்பதில்லையா என்று கேட்பீர்கள். சம்பாதிக்கிறார்கள். பூட்டானில் அரசின் முதலீட்டு நிறுவனமே நீர்மின்சாரத்தை வைத்து மைனிங் செய்கிறது. மிகச் சல்லிசான கரண்டும் சொந்த மிஷினும் இருப்பவர்களுக்கு இது தொழில். 2021இல் சீனா தடை போட்டு அங்கிருந்த மிஷின்களெல்லாம் அணைந்தபோது, மற்ற நாடுகளில் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்குச் சில மாதம் நல்ல வேட்டை. அந்த நேரத்தில் கையில் ஒப்பந்தம் வைத்திருந்தவர்களும் லாபம் பார்த்திருக்கலாம். நான் மறுக்கவில்லை.

ஆனால் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நான் கட்டிய 60,000க்கு அன்றே நேரடியாகப் பிட்காயின் வாங்கியிருந்தால், காயின் 9 லட்சம் சுமாருக்கு விற்ற நாள் அது, 0.066 கிடைத்திருக்கும். ஒப்பந்தம் ஆறு மாதம் ஓடி எனக்குத் தந்தது 0.032. விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்த இரண்டு எண்ணும் மாறாது. விலை ஏறினால் மைனிங்கில் லாபம் என்கிறார்களே, விலை ஏறினால் காயினை நேராக வாங்கி வைத்தவனுக்கும் அதே ஏற்றம்தானே? பாதி காயினை வைத்துக்கொண்டு நான் எதற்குச் சந்தோஷப்பட வேண்டும்?

உங்கள் இரண்டு லட்சத்துக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். 80 லட்சம் விலையில் அது 0.025 காயின். அதே பணத்துக்கு மேலே சொன்ன 200 டெராஹாஷ் முழுவதும் உங்களுக்கே தருகிறார்கள் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். கரண்ட் போக வருஷத்துக்கு 0.0099 காயின் தேறும். கடினம் ஒரு புள்ளிகூட ஏறாமல், விலையும் இறங்காமல் இருந்தாலே போட்ட 0.025 காயினைத் தொட இரண்டரை வருஷம். அதற்குள் 2028 வந்து கதவைத் தட்டும். நேரடியாக வாங்குங்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஓய்வூதியப் பணத்துக்கு அதுவும் தாங்காது என்பதே என் எண்ணம்.

இதுவரை சொன்னது மிஷின் நிஜமாகவே ஓடுகிற, நேர்மையான இடத்தின் கணக்கு. நீங்கள் காட்டிய செயலியைப் பார்த்தபோது எனக்கு வேறு சந்தேகமும் வந்தது. அந்தப் பச்சை எண் நொடிக்கு நொடி ஒரே சீராக ஏறியது. மைனிங் வரவு அப்படி வராது, தினம் ஒரு அளவு, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு சரிவு. "மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பணம் மைனிங்கிலிருந்து வரவில்லை, அடுத்து சேருகிறவர் பையிலிருந்து வருகிறது. கெயின்பிட்காயின் என்ற திட்டம் நம் நாட்டில் இப்படித்தான் மாதம் 10 சதவீதம், 18 மாதம் என்று ஆசை காட்டியது. எஸ்டோனியாவின் ஹாஷ்ஃபிளேர் பல லட்சம் பேருக்கு மைனிங் ஒப்பந்தம் விற்றது, விற்ற அளவுக்கு மிஷினே அதனிடம் இல்லை. அதை நிறுவிய இருவரும் 2025இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நான் கட்டியது அதில் அல்ல, வேறொன்று.

ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டு என்றும் சொன்னீர்கள். மண்டப வாடகை, மதியச் சாப்பாடு, கமிஷன் எல்லாம் 216 ரூபாய் மிச்சத்திலிருந்தா வரும்? அனுமதி இல்லாமல் டெபாசிட் திரட்டுவது 2019ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். ஏற்கெனவே பணம் போட்டுவிட்டவர் யாராவது இருந்தால், கூச்சப்படாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தாமதித்தால் பணம் கை மாறிப் போய்விடும்.

கூட்டம் ஞாயிறு மதியம்தானே. அன்று காலை நடைக்கு அந்த நோட்டைக் கொண்டுவருகிறேன். உப்புக் காற்றில் ஓரம் கொஞ்சம் மொறுமொறுத்துவிட்டது, எண்கள் தெளிவாகவே இருக்கின்றன. உங்கள் ஒப்பந்தத்திலிருந்து இரண்டு எண் மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்: இரண்டு லட்சத்துக்கு எத்தனை டெராஹாஷ், நாளைக்கு எவ்வளவு கட்டணம். கால்குலேட்டர் என்னிடம் இருக்கிறது. டீ என் கணக்கு.

அன்புடன்,
ஓய்வு பெற்ற மின்வாரியக் கணக்கீட்டாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்