பேசத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் ஏன் கஷ்டமாகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "தமிழ்தான் சார் இவனுக்குக் கஷ்டம், மத்த பாடமெல்லாம் பரவாயில்லை" என்று பெற்றோர் சொல்வதை, தமிழாசிரியராக வேலை பார்த்த காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகும் கேட்கிறேன். வீட்டிலும் தெருவிலும் நாள் முழுக்கத் தமிழில் வாயாடும் பிள்ளையைப் பற்றித்தான் இப்படிச் சொல்கிறார்கள். பிள்ளையின் சோம்பல், பெற்றோரின் ஆங்கில மோகம் என்று சொல்லி இதை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

சின்னக் குழந்தை பேசுவதைக் கவனியுங்கள். அம்மாவிடம் "நாம கடைக்குப் போவோமா?" என்று கேட்கும். அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் "நாங்க ஊருக்குப் போனோமே" என்று பெருமையடிக்கும். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம', சேர்க்காத 'நாங்க' இரண்டும் அதற்குக் குழம்புவதில்லை. 'எனக்குப் பசிக்குது' என்னுமே தவிர, 'நான் பசிக்கிறேன்' என்று சொல்லாது. பெரியவர்களான பிறகு தமிழ் படிக்க வரும் வெளிநாட்டவர் தடுமாறும் இடங்கள் இவை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்துவிட்டதால் நமக்கு இவை அறிவாகவே தெரிவதில்லை. பள்ளிக்கூடத்தில் மேற்கொண்டு சேர்வது மட்டும்தான் கண்ணில் படுகிறது. அதில் சறுக்கினால் மொழியே கஷ்டம் என்றாகிவிடுகிறது.

அப்படிச் சேர்வது என்ன? எங்கள் பக்கத்துப் பையன் "மள பெஞ்சா கம்மாயில தண்ணி நிக்கும்" என்பான். அதை "மழை பெய்தால் கண்மாயில் தண்ணீர் நிற்கும்" என்று எழுத வேண்டும். ஐந்து சொல், ஐந்தும் மாறுகின்றன. ஆனால் இந்த மாற்றத்தில் ஒழுங்கு உண்டு. பெஞ்சா பெய்தால் ஆனால், செஞ்சா செய்தால் ஆகும். நிக்கும் நிற்கும் என்றால், விக்கும் விற்கும். இப்படி இணை இணையாகக் காட்டினால் அடுத்ததைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். காட்டாமல் விட்டுவிட்டு, 'பெஞ்சால்' என்று எழுதியவனுக்குச் சிவப்பு மையில் சுழிக்கிறோம். தன் அம்மா பேசுவது தப்பு என்று அவன் எடுத்துக்கொள்கிறான். எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான்.

எழுத்துப்பிழையும் இப்படித்தான். மூணு சுழியா ரெண்டு சுழியா என்று பேனாவை வைத்துக்கொண்டு முழிப்பான். டகரத்துக்கு முன்னால் மூன்று சுழி (நண்டு), றகரத்துக்கு முன்னால் இரண்டு சுழி (கன்று), தகரத்துக்கு முன்னால் ந் (பந்து) என்று சொல்லிவிட்டால் பாதித் திணறல் தீர்ந்தது. ர, ற வேறு சங்கதி. நம்மில் பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றுபோலவே உச்சரிப்பதால், படித்துப் படித்துக் கண் பழகவேண்டும். அது உண்மையான சிரமம், மறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ழகரமும் அப்படியே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். பதினொன்றில் அந்தக் கட்டு இல்லை; தனியார் பள்ளிப் பிள்ளைகள் பலர் மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சு எடுக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசிப் பழகாத பிரெஞ்சு சுலபம், தாய்மொழி கஷ்டம் என்கிறார்கள். பிரெஞ்சில் அவர்களிடம் எதிர்பார்ப்பது, புதிதாகப் படிக்க வந்தவருக்கான தொடக்கநிலைப் பாடம். தமிழிலோ சங்கப் பாட்டு, புணர்ச்சி விதி, அணி, யாப்பு. எடை வேறுவேறான இரண்டு பாடங்களை ஒப்பிட்டுவிட்டு மொழிக்குப் பட்டம் கட்டுவது நியாயமில்லை.

கிரேக்கத்தில் வீட்டில் யாரும் பேசாத ஒரு நடையே நெடுங்காலம் அரசாங்க மொழியாக இருந்தது. 1976-ல் மக்கள் பேச்சை ஒட்டிய நடையைக் கல்வி மொழியாக்கினார்கள். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டும் என்பது என் எண்ணமில்லை. நெல்லைக்காரரும் யாழ்ப்பாணத்தாரும் மலேசியத் தமிழரும் ஒரே பக்கத்தைப் படிக்க முடிவது நம் எழுத்துத் தமிழால்தான். அதை விட்டுவிடக் கூடாது. அதற்குப் போகும் படிகளைச் சின்ன வகுப்பிலேயே கட்டவேண்டும் என்கிறேன்.

'பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக' என்ற பயிற்சி இப்போது மேல்வகுப்புப் புத்தகங்களில் வருகிறது. அது வரவேண்டிய இடம் இரண்டாம், மூன்றாம் வகுப்பு. பத்தாம் வகுப்பில் குறளை அலகிட்டு, அதாவது சீர்களை அசை அசையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேமா, புளிமா என்று வாய்பாடு எழுதச் சொல்கிறோம். அதைப் பிரியமாக நடத்தியவன் நான். இருந்தும் சொல்கிறேன், சொந்தமாகப் பத்து வரி எழுதக் கை வராத பிள்ளைக்கு அது சுமை. அதைப் பதினொன்றுக்குக் கொண்டுபோகலாம். மிச்சமாகும் வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி, கோயில் கொடையைப் பற்றி வாரம் ஒரு பக்கம் எழுதட்டும். அதை ஆசிரியர் திருத்தும்போது, எந்தப் பேச்சுச் சொல் எப்படி எழுத்துச் சொல்லானது என்று ஓரத்தில் குறித்துக் கொடுக்கட்டும். பாடநூல் குழுவில் இருப்பவர்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
அருப்புக்கோட்டை.