நான்கு கணவாய்களும் ஒரு திராட்சைப் பள்ளத்தாக்கும்

கேப் டவுன், தென்னாப்பிரிக்கா,
மார்ச் மாதம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். அடுப்புப் புகை படாமல் பார்த்துக்கொள். பேத்தி கல்லூரியில் வரலாறு எடுத்துப் படிக்கப் போகிறாள் என்ற செய்தி எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தந்தது. ஊரே கணினி என்று ஓடும்போது தானாக முடிவெடுத்திருக்கிறாளே, அவளுக்கு என் ஆசிகளைச் சொல். இந்தக் கடிதத்தில் பாதி அவளுக்கும் சேர்த்துத்தான்.

இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மகனும் மருமகளும் வாரம் முழுவதும் வேலை வேலை என்று அலைகிறவர்கள். சென்ற சனிக்கிழமையை எனக்கென்று ஒதுக்கி, காரில் திராட்சைப் பள்ளத்தாக்குகளைச் சுற்றிக் காட்டினார்கள். நான்கு மலைக் கணவாய்களைக் கடந்து, காலையில் புறப்பட்ட இடத்துக்கே இருட்டுவதற்குள் திரும்பிவிடும் பாதை அது. அன்று பார்த்ததையும் சாப்பிட்டதையும் உனக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

கிழக்கே 50 கிலோமீட்டர் போனால் ஸ்டெல்லன்பாஷ். 1679-இல் சைமன் வான் டெர் ஸ்டெல் என்ற டச்சு அதிகாரி உருவாக்கிய ஊர். தெருவெங்கும் ஓக் மரங்கள், வெள்ளையடித்த சுவர்கள், வளைந்து நெளிந்த முகப்புகள், நாணல் வேய்ந்த கூரைகள். தெருவோர வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. ஊரைத் தாண்டினால் மலையடிவாரம் வரை திராட்சைதான். சுருளிப்பட்டியில் தலைக்கு மேலே பந்தலில் குலை குலையாகத் தொங்கிய திராட்சையை நாம் அண்ணாந்து பார்த்தது நினைவிருக்கிறதா? இங்கே பல தோட்டங்களில் கொடிக்குப் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. முழங்கால் உயரத்துக்குக் கருத்து முறுகிய அடிமரம்; அதிலிருந்து நாலாபக்கமும் நீளும் சில கிளைகள்; இலைக்கு அடியில் மறைந்திருக்கும் சிறு சிறு குலைகள். குளிர்காலத்தில் வெட்டிவிட்டு, ஆண்டுக்கு ஒரே ஒரு முறை அறுவடை செய்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பிப்ரவரியும் மார்ச்சும் அதற்கான மாதங்கள். வெயில் ஏறினால் பழம் சூடேறிவிடும் என்பதால் விடிவதற்கு முன்பே பறிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசி வரிசைகளில் ஆட்கள் குனிந்திருந்தார்கள். ஒரு கை குலையைத் தாங்க, மறு கை சிறிய கத்தரியால் காம்பை நறுக்குகிறது. பெட்டி நிறைந்ததும் தோளில் ஏற்றிக்கொண்டு டிராக்டரை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். ஒரு பெண் எனக்கு நாலு பழம் பறித்துத் தந்தாள். தோல் தடிப்பு, விதை பெரிது, சதை கொஞ்சம். அப்படியொரு இனிப்பை நான் எந்தத் திராட்சையிலும் கண்டதில்லை. கடித்துத் துப்பிய விதையைச் சுட்டிக்காட்டி, "பழுப்பாகிவிட்டது பாருங்கள், இனிக் காத்திருக்கக் கூடாது" என்றாள்.

ஒயினை நான் தொட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். இந்த வயதில் அதை ஒரு விளைபொருளாக அறிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது, சுவைக்கூடத்தில் உட்கார்ந்தேன். விரற்கடை அளவுதான் ஊற்றுகிறார்கள். கிண்ணத்தைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு மிடறு நாவில் நிறுத்தி, விழுங்கலாம் அல்லது பக்கத்தில் இருக்கும் சாடியில் துப்பிவிடலாம். துப்புவதை யாரும் தவறாக நினைப்பதில்லை. முதலில் ஷெனின் பிளாங் என்ற வெள்ளை ஒயின். இந்த நாட்டில் மிக அதிகமாகப் பயிராகும் திராட்சை அதுதான். பச்சை ஆப்பிளின் புளிப்பும் அடியில் கொஞ்சம் தேனும் தெரிந்தன. அடுத்தது பினோடாஜ். இது இந்த மண்ணிலேயே பிறந்த இனம்: 1925-இல் ஸ்டெல்லன்பாஷில் ஆப்ரகாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் பினோ நுவார், சான்சோ என்ற இரண்டு பிரெஞ்சு வகைகளைக் கலந்து உருவாக்கியது. நாவற்பழம் தின்றதுபோல நாக்கைப் பிடித்து இழுத்தது. எனக்கு வெள்ளைதான் பிடித்தது. அதில் கால் கிண்ணம் குடித்தேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

35 ஆண்டுகளைத் தாண்டிய கொடிகளிலிருந்து எடுத்த ஒயின் என்றால், கொடி நட்ட ஆண்டைப் பொறித்த முத்திரையைப் புட்டியின் கழுத்தில் ஒட்டுகிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். நட்ட ஆண்டு தெரிகிறது, சரி. தோண்டியது யார், நட்டது யார், முதன்முதலில் மிதித்துச் சாறெடுத்தது யார்? கூடத்தில் விளக்கம் சொன்ன இளைஞன் 1659 பிப்ரவரி 2 அன்று இங்கே முதல் ஒயின் பிழியப்பட்டதையும், அதை இங்கே டச்சுக் குடியேற்றத்தின் முதல் தலைவரான யான் வான் ரீபெக் தன் நாட்குறிப்பில் கடவுளுக்கு நன்றி சொல்லி எழுதிவைத்ததையும், 1688-இல் பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகநாட் என்ற புராட்டஸ்டன்ட் குடும்பங்களையும் அழகாகச் சொன்னான். என் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. பதில் அடுத்த மலைக்கு அப்பால் இருந்தது.

ஸ்டெல்லன்பாஷை விட்டு ஏறினால் ஹெல்ஸ்ஹூக்டே கணவாய். உச்சியைத் தாண்டியவுடன் இடப்பக்கம் சைமன்ஸ்பெர்க் மலை, எதிரே டிராக்கன்ஸ்டைன் மலைகளின் சாம்பல் நிறப் பாறைச்சுவர், கீழே பச்சைப் பள்ளத்தாக்கு. மகன் காரை ஓரங்கட்டினான். அந்தக் காட்சியைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. நீ நேரில் வந்துதான் பார்க்க வேண்டும். அதன் இறக்கத்தில் ப்னீல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1843-இல் கிறித்தவ மிஷனரிகள் அமைத்த குடியிருப்பு. சிறிய வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு விடுதலை நினைவுச்சின்னம். சுற்றுலாக் கார்கள் பெரும்பாலும் நிற்காமல் போய்விடுகின்றன. நாங்கள் இறங்கி நடந்தோம்.

பேத்திக்குச் சொல்: 1658 முதல் 1807 வரை கேப்புக்கு, அதாவது கேப் டவுனைச் சுற்றியிருந்த இந்தக் குடியேற்றத்துக்கு, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 63,000 பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. அவர்களில் சுமார் கால் பங்கினர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரை. பிறந்த பெயரைப் பறித்துவிட்டு ஏதோ ஓர் ஐரோப்பியப் பெயரையோ மாதத்தின் பெயரையோ வைத்து, அதன் பின்னால் அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பதிவேட்டில் எழுதினார்கள். செப்டம்பர், பிப்ரவரி என்பவை இன்றும் இங்கே குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. நீ மாலையில் காற்று வாங்கப் போகும் கடற்கரையை நினைத்துக்கொண்டேன். 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியது இதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அடுத்த ஆண்டு தொடங்கி 1661 வரை, பிஜாப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடிப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேரைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பெரும்பாலோர் இலங்கைக்கும், சிலர் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மலாக்காவுக்கும் போனார்கள். கேப் தோட்டங்களுக்கு ஆள் இறக்கியதும் அதே கம்பெனிதான். நாம் இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தினோமே, இதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருந்ததா?

இன்னொன்று என்னை உலுக்கிவிட்டது. ஸ்டெல்லன்பாஷை உருவாக்கிய வான் டெர் ஸ்டெல்லின் தாய்வழிப் பாட்டி, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஓர் இந்தியப் பெண். அவளுடைய பேரன்தான் 1685-இல் கான்ஸ்டான்ஷியாவில் தோட்டம் போட்டு, அடிமைகளை வைத்து உழைப்பு வாங்கினான். 1834 டிசம்பர் 1 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டது; தொழில் பழகுகிறவர்கள் என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள் அதே எஜமானர்களிடம் கட்டிப்போட்டு, 1838-இல்தான் உண்மையாக விட்டார்கள். அதன் பிறகும் கூலியில் ஒரு பகுதியாக மலிவு ஒயினை ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. சட்டம் தடுத்த பிறகும் அது பல பத்தாண்டுகள் நீடித்தது. அதனால் குடிக்கு அடிமையான குடும்பங்களையும், கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளையும் இந்த மாகாணம் இன்றும் சுமக்கிறது. ஒயினை ருசி பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. சில தோட்டங்கள் சொல்லத் தொடங்கியிருக்கின்றன. அடிமைகளை வேலைக்கு அழைத்த பழைய மணிக்குப் பக்கத்தில் பலகை வைத்திருக்கின்றன. எல்லோரும் வைக்கட்டும்.

மதியம் ஒரு தோட்டத்து உணவகத்தில் சாப்பிட்டோம். மருமகள் எனக்காக டென்னிங்ஃப்ளேஸ் வரவழைத்தாள். முதல் கவளத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். புளி! ஆட்டுக்கறியை வெங்காயம், கிராம்பு, சாதிக்காய், பிரிஞ்சி இலையோடு நெடுநேரம் வேகவைத்து, புளிக்கரைசல் விட்டு இறக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் மஞ்சள் போட்ட சோறு, அதில் உலர்ந்த திராட்சை. மகனுக்கு பபூட்டி: மசாலாவும் ஊறிய ரொட்டியும் சேர்த்த கொத்துக்கறி, மேலே முட்டையும் பாலும் ஊற்றி அடுப்பில் வாட்டியது. தொட்டுக்கொள்ள பிளாட்யாங் என்று ஒரு காரச் சட்னி. உலர்ந்த ஆப்ரிகாட் பழம், காடி, மிளகாய் சேர்த்துக் காய்ச்சியது. இவையெல்லாம் கேப் மலாய்ச் சமையல் என்ற பெயரில் அறியப்படுகின்றன. ஜாவாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நம் கரையிலிருந்தும் வந்தவர்கள் எஜமானனின் அடுக்களையில் தங்கள் கைப்பக்குவத்தைக் கலந்து உண்டாக்கிய சமையல். அவர்களுடைய சந்ததியில் பலர் இஸ்லாமியர்கள், மதுவைத் தொடாதவர்கள். முன்னோர் வளர்த்த கொடியின் ஒயின் ஒரு பக்கம், முன்னோர் கற்பித்த குழம்பு மறுபக்கம் என்று இரண்டும் ஒரே மேசையில் இருந்தன.

சமையல்காரப் பெண்மணி வெளியே வந்தபோது பேச்சுக் கொடுத்தேன். என் வயது இருக்கும். "புளியை வெந்நீரில் ஊறவைப்பீர்களா, தண்ணீரிலா?" என்று கேட்டேன். "வெந்நீர். கையால்தான் பிசைய வேண்டும்; கரண்டி ஆகாது" என்றார், என் அம்மா சொல்லும் அதே கண்டிப்போடு. யாரிடம் கற்றீர்கள் என்றேன். பாட்டியிடம், பாட்டி தன் பாட்டியிடம் என்றார். அதற்கு மேல் எந்த ஊர், எந்தக் கரை என்று அவருக்குத் தெரியாது. அவர் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாப்பிட்டபின் ஃபிரான்ஷூக் போகும் வழியை விட்டுக் கொஞ்சம் விலகி, பார்ல் சாலையில் இருக்கும் சிறைச்சாலை வாசலுக்குப் போனோம். நெல்சன் மண்டேலா 1988 டிசம்பரில் இங்கே மாற்றப்பட்டு, ஒரு காவலர் வீட்டில் வைக்கப்பட்டிருந்தார். 1990 பிப்ரவரி 11 அன்று இந்த வாயில் வழியாகத்தான் நடந்து வெளியே வந்தார். அடுத்த நாள் நம் ஆசிரியர் அறையில் வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்று செய்தி கேட்டோமே! கையை உயர்த்தி நடக்கும் வெண்கலச் சிலை அங்கே நிற்கிறது. சுற்றிலும் அமைதியாகத் திராட்சைத் தோட்டங்கள்.

ஃபிரான்ஷூக் அழகான ஊர், ஆனால் கடைகள் மிகுதி. அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். அதன் கணவாய் மேலேயிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது. யானைகள் மலை தாண்டிய பழைய தடத்தை ஒட்டி, 1825 வாக்கில் போட்ட சாலை. மறுபுறம் டீவாட்டர்ஸ்கிளூஃப் அணை. 2018 வறட்சியில் அடி மண் வெடித்துக் கிடந்த ஏரியில் நாங்கள் போனபோது தண்ணீர் இருந்தது. பிறகு ஃபில்யூன்ஸ் கணவாய், எல்ஜின் ஆப்பிள் தோட்டங்கள், கடைசியாக சர் லோரிஸ் கணவாய். அதன் உச்சியில் திரும்பியதும் ஃபால்ஸ் பே கடல் முழுதாக விரிகிறது. எனக்கு அந்த நான்கில் மிகவும் பிடித்தது காலையில் ஏறிய முதல் கணவாய்தான்; ப்னீல் அதன் கீழே இருப்பதாலும் இருக்கலாம்.

பேத்திக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். நாகையில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறதல்லவா, அங்கிருந்து அவள் தொடங்கட்டும். எழும்பூரில் ஆவணக் காப்பகத்தில் டச்சுக் கையெழுத்து ஏடுகள் இருக்கின்றன. இங்கே கேப் டவுனில் அடிமைகளை அடைத்து வைத்திருந்த பழைய விடுதி அருங்காட்சியகமாக இருக்கிறது. நான் அடுத்த வாரம் போய்க் குறிப்பெடுத்து அனுப்புகிறேன். இரண்டு முனையிலிருந்தும் தேடினால் ஒரு நல்ல கட்டுரை எழுதலாம். கண் தேறியதும் நீயும் அவளுக்குக் கூடமாட உதவு.

மகனுடைய அலுவலக நண்பர் ஒருவர் மாதக் கடைசியில் சென்னை வருகிறார். அவரிடம் ஒரு புட்டி பிளாட்யாங் கொடுத்தனுப்புகிறேன். உன் தம்பி வீட்டில் வாங்கிக்கொள். தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, காரம் போதுமா என்று எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி